மேகத்தில் உள்ள கணக்கு யாருக்குச் சொந்தம்?

கடைக் கணக்கப்பிள்ளை வேலையை விட்டுப் போகிறார் என்றால் அந்தக் காலத்தில் என்ன செய்வார்? பேரேடு, சிட்டை, ரசீதுக் கட்டு எல்லாவற்றையும் எண்ணி முதலாளியிடம் ஒப்படைப்பார். பெட்டிச் சாவியைக் கொடுப்பார். பிறகுதான் சம்பள பாக்கி கைக்கு வரும்.

இன்று பல கடைகளில் பேரேடே கிடையாது. கணக்கு கூகுள் டிரைவில் இருக்கிறது. இதை "மேகம்" என்கிறார்கள். மேகமும் இல்லை, மழையும் இல்லை! எங்கோ ஒரு கட்டடத்தில் வரிசையாக நிற்கும் கம்ப்யூட்டர்களில் நம் கணக்கை வைக்கிறோம்; அவ்வளவுதான்.

அங்கே ஒரு விதி உண்டு. சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒருவர் ஃபைல் தொடங்கினால், அவரே அதன் சொந்தக்காரர். சம்பளம் கொடுத்தவர் அல்ல. மற்றவர்கள் பார்க்கலாம், திருத்தலாம். ஆனாலும் அவர்கள் குடியிருப்பவர்கள்தான், வீட்டுக்காரர் அல்ல.

எனக்குத் தெரிந்த ஜவுளிக் கடை ஒன்றில் கணக்கு எழுதிய பெண், தன் சொந்த ஜிமெயிலில்தான் கடன் பாக்கிப் பட்டியலை வைத்திருந்தாள். கல்யாணமாகி வெளியூர் போனாள். குழந்தை பிறந்தது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. இடம் குழந்தையின் படங்களால் நிரம்பியது. பழைய ஃபைல்களை அழித்தாள். அவை 30 நாள் குப்பைத் தொட்டியில் கிடந்தன. பிறகு அடியோடு போயின.

தீபாவளி சமயம் கடைக்காரர் பட்டியலைத் தேடினார். காணோம்! "மோசம் செய்துவிட்டாள்" என்று ஏசினார்.

நான் இதை ஒப்பமாட்டேன். அவள் தன் அலமாரியைச் சுத்தம் செய்தாள். கடைக் கணக்கை அவள் அலமாரியில் இருக்க விட்டது யார் குற்றம்?

அவள் விலகும் முன்பே உரிமையை மாற்றியிருக்கலாம். சொந்தக்காரர் கொடுக்க வேண்டும். புதியவர் ஏற்க வேண்டும். இரண்டும் நடந்தால்தான் கைமாறும். ஃபோல்டரை மட்டும் மாற்றிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். பெட்டி மாறும், உள்ளே இருக்கும் ஃபைல்கள் பழையவர் பெயரிலேயே இருக்கும்!

கம்பெனிகள் பணம் கட்டி வாங்கும் கணக்கில் நிர்வாகியே உரிமையை மாற்றலாம். அங்கும் ஓர் ஆபத்து. ஆள் போனதும் அவர் கணக்கை அவசரமாக நீக்கிவிடுகிறார்கள். 20 நாளுக்குள் விழித்துக்கொண்டால் மீட்கலாம். அதற்குப் பிறகு தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். சொந்த ஜிமெயிலிலிருந்து கம்பெனிக் கணக்குக்கு உரிமையை நேராக மாற்றவும் முடியாது. நகல் எடுத்துக்கொள்ளலாம்.

"போகிறவரின் பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொண்டால் போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது! அதே ஜிமெயிலில் அவருடைய பாங்க் கடிதம், மருத்துவச் சீட்டு, வீட்டுப் படம் எல்லாம் இருக்கும். முதலாளிக்கு அதில் என்ன வேலை?

ஜவுளிக் கடைக்காரர் இப்போது கடையின் பெயரில் தனிக் கணக்கு தொடங்கியிருக்கிறார். அதற்குத் தன் போன் நம்பரையே கொடுத்திருக்கிறார்; வேலைக்கு வந்த பையனுடைய நம்பரை அல்ல. பழைய பில் கட்டுகளைப் பிரித்துப் பாதிப் பாக்கியைத் திரும்ப எழுதிவிட்டார். மீதியில் நினைவில் இருந்த பெயர்களை, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணே போனில் சொன்னாளாம்.