நண்பகல் மின்சாரம் தோட்டங்களுக்கு வரட்டும்

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியமின் தொகுதிகளைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. தொழிற்சாலைகள் மூடியிருந்ததால் மின்தேவை குறைந்திருந்தது; வெயில் குறையவில்லை. பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதன் பின் வந்த அந்த முன்னெச்சரிக்கையில் நியாயம் உண்டு. ஆனால் விளைந்த மின்சாரத்தைக் கைவிடுவதே வழக்கமாகிவிடக் கூடாது.

நண்பகல் மின்சாரம் மிஞ்சுகிற இதே நாட்டில்தான் யாழ்ப்பாணத்தின் கோப்பாய்த் தோட்டக்காரர் இறைப்புக்கு எண்ணெய் வாங்குகிறார். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவானது. வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டுகிறவருக்கு அது என்ன அடி என்பது இங்கு எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் தந்த அடி விலையோடு நிற்கவில்லை: சுன்னாக மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்ததையும், அதை இயக்கிய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் வலிகாமம் மறக்கவில்லை.

மிகுதியையும் தேவையையும் இணைக்கத் தடையாக இருப்பது கட்டண விதி. நேரவாரிக் கட்டணத்தில் காலை 5.30 முதல் மாலை 6.30 வரை ஒரே விலை. மலிவு நேரம் இரவு 10.30க்குப் பிறகுதான். கூரைமின் பெருகுவதற்கு முன்னைய காலத்தின் அட்டவணை இது. 2025இல் கூரைமின் கொள்விலையைக் குறைத்தார்கள்; பகலில் மின்சாரம் வாங்குகிறவருக்கு அதனால் எதுவும் மலியவில்லை.

பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, காலை 10 முதல் பிற்பகல் 3 வரை தோட்ட இறைப்புக்கெனத் தனி மலிவுக் கட்டணத்தை அனுமதிக்க வேண்டும். உச்சி வெயிலில் பயிருக்கு நீர் பாய்ச்சினால் ஒரு பகுதி ஆவியாகிப் போகும் என்பது சரியே. அந்நேரத்தில் தொட்டியை நிரப்பி மாலையில் பாய்ச்சலாம். தொட்டி கட்டக் கமநல சேவை நிலையங்கள் கடன் வழங்கட்டும்.

மலிவு மின்சாரம் நிலத்தடி நீரை வற்றவைக்கும் ஆபத்தும் உண்மையானது. 1990 முதல் விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வழங்கும் தமிழ்நாட்டில் பல பகுதிகளில் நீர்மட்டம் கீழிறங்கியிருக்கிறது. நமது சுண்ணக்கல் நிலத்தடியில் மிகையாக இறைத்தால் உவர் ஏறும். ஆகவே இலவசம் வேண்டாம். ஒவ்வொரு மின்மானிக்கும் போகத்துக்கு இவ்வளவு அலகுதான் என்று வரம்பு வையுங்கள். மீறினால் வழமையான கட்டணம் அறவிடுங்கள்.

2030இல் 70 வீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து என்பது அரசின் இலக்கு. சூரியமின் பலகைகளைப் பொருத்துவதோடு அது நிறைவேறாது; விளையும் நேரத்தில் வாங்க ஆள் வேண்டும். தோட்டக்காரர் தயார். அடுத்த கட்டணத் திருத்தத்திலேயே ஆணைக்குழு இதைச் செய்ய வேண்டும்.