கணவர்களையும் அழையுங்கள்



கருப்பைவாய்ப் புற்றுநோய் என்றாலே பெண்களை மட்டும் உட்காரவைத்துப் பேசுகிறோம். இந்நோய் வந்தவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் அதைக் கொண்டுவருவது உடலுறவு வழியே பரவும் எச்.பி.வி. வைரஸ். ஆண் உடலில் அது பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. மிகச் சாதாரணமான தொற்றுதான். இதில் யாரையும் சந்தேகிக்கவோ பழிக்கவோ வேண்டியதில்லை.

முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே பரிசோதனை செய்கிறார்கள். சில நிமிட வேலை. ஆனால் அன்றைய கூலி, சமையல், பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் மேலாக ‘அவர் என்ன சொல்வாரோ’ என்ற தயக்கம்! “பிள்ளையை நான் பார்த்துக்கிறேன், நீ போயிட்டு வா” என்று கணவர் சொன்னாலே பாதித் தடை நீங்கும். முடிவு சரியில்லை என்றால் மறு பரிசோதனைக்கும் அவரே கூடச் செல்ல வேண்டும். பல பெண்கள் அந்தக் கட்டத்தில்தான் தனியாகப் பயந்து நின்றுவிடுகிறார்கள்.

மகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் எச்.பி.வி. தடுப்பூசி போட்டால் பலன் அதிகம். ‘சின்னப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு?’ என்று அப்பாக்கள் தட்டிக்கழிக்கக் கூடாது. தொற்றுக்கு முன்பே போட வேண்டிய ஊசி இது. ஆஸ்திரேலியாவில் 2013 முதல் பையன்களுக்கும் பள்ளியிலேயே போடுகிறார்கள்.

நம் சுகாதாரத் துறை ஆட்டோ ஸ்டாண்டு, டீக்கடை, மில் வாசல்களிலும் இதைப் பேசட்டும். அடுத்த பரிசோதனை முகாம் நோட்டீஸில் கணவர்களையும் பெயர் சொல்லி அழைக்கட்டும்.

– ஒரு வாசகர், ஈரோடு