இரவல் நூல்

ஒருவர் எவ்வெந் நூல்களைக் கற்றார் என்று வினவுவோர் பலர். அவற்றை எவ்வாறு கற்றார், கற்றபின் அவற்றை என்ன செய்தார் என்று வினவுவோர் சிலரே. நூல் விரும்பி ஒருவனுடைய இயல்பை அறிவதற்கு முன்னைய வினாவினும் பின்னைய வினாவே சிறந்தது என்பது என் கருத்து. ஆதலின், செம்பரம்பாக்கத்திலிருந்து நாள்தோறும் நம் கல்லூரிக்கு வந்து போகும் மாணவனாகிய நான் கைக்கொண்டுள்ள வாசிப்பு வழக்கங்கள் சிலவற்றை முதலிற் கூறி, அவற்றுள் நண்பர் பலர் மறுக்கும் ஒன்றனைப் பற்றிச் சிறிது விரித்தெழுதத் துணிகின்றேன்.

செய்யுளாயின் அதனை வாய்விட்டே படிப்பேன். எங்கள் இல்லத்தில் இராவேளையில் ஒருவர் வேதாகமம் வாசிக்க மற்றவர் கேட்பது வழக்கம். அப்பழக்கத்தால், காதிற் புகாத செய்யுள் எனக்குப் பாதி படித்ததாகவே தோன்றும். உரையுள்ள நூலாயின் மூலத்தை இருமுறை பார்த்த பின்னரே உரையைத் திறப்பேன். தேர்வுக் குறிப்புகள் கடைசியில்தான். எனக்கே உரிய நூலாயின் ஐயமும் பொருளும் பென்சிலால் ஓரத்தில் எழுதப்பெறும். பேருந்தில் இடமின்றி நிற்கும்போது மதுரைத் திட்டத்தாரின் மின்னூல்களைக் கைப்பேசியிற் படிப்பதும் உண்டு. 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய அத்திட்டம் பழந்தமிழ் நூல்களை விலையின்றி எவர்க்கும் அளித்துவருவது பேருதவியே. ஆயினும், மீண்டும் மீண்டும் பயில வேண்டிய நூலுக்குத் தாளும் ஓரமும் எனக்கு வேண்டும். இவை யாவும் என் விருப்பங்கள்; இவற்றைப் பிறர் கொள்ளலாம், தள்ளலாம். கேட்பவர்க்கு நூலை இரவல் கொடுத்தல் என்னும் வழக்கம் ஒன்றனை மட்டும் எல்லாரும் கொள்ள வேண்டும் என்று வாதிடுகின்றேன்.

இதனை மறுப்போர் கூறும் காரணங்கள் எளியன அல்ல. பிறர் கைக்குச் சென்ற புத்தகமும் பொருளும் சென்றனவே என்பது வடமொழியில் வழங்கும் பழமொழி. திரும்பி வருவனவும் மடங்கிய மூலையோடும் காப்பிக் கறையோடும் வருகின்றன. என்னிடமிருந்து சென்ற ஆண்டு இரவல் போன 11 நூல்களுள் 2 இன்னும் வந்தபாடில்லை. சிற்றுண்டிக் காசை மிச்சம்பிடித்து நூல் வாங்கும் மாணவனுக்கு இஃது உண்மையான இழப்பே. மேனாட்டிலும் நூல்கள் கையெழுத்துப் படிகளாக அருகியிருந்த காலத்தில் அவற்றை அலமாரியோடு இரும்புச் சங்கிலியாற் பிணைத்து வைத்தனர். இங்கிலாந்திலுள்ள ஹெரிஃபோர்டுப் பேராலயத்தில் அத்தகைய நூலகத்தை இன்றும் காணலாம்.

எனினும், இரவலால் விளைந்த நன்மையைத் தமிழ் மாணவர் மறத்தல் தகாது. 1880-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூர்க்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். தாம் கற்ற அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள் ஆகியவற்றின் நீண்ட வரிசையை ஐயர் கூறவும், முதலியார் அதனால் நிறைவுறாது, அவற்றினும் பழைய நூல்களைக் கற்றதுண்டா என்று வினவினார். பின்னர்த் தம்மிடமிருந்த சீவக சிந்தாமணிக் கடிதப் பிரதியை ஐயருக்குக் கொடுத்தார். அந்நூலிலுள்ள சமணக் கொள்கைகள் விளங்காதபோது கும்பகோணத்துச் சைன அன்பர்கள் ஐயந்தீர்த்து உதவினர். 1887-இல் சிந்தாமணி அச்சேறிற்று. 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் தொடர்ந்து வெளிவந்தன. முதலியார் அப்பிரதியைத் தம் பெட்டியிலேயே பூட்டி வைத்திருப்பாராயின் அதற்கு ஒரு கேடும் வந்திராது. ஆயின், இன்று நாம் வகுப்பிற் கற்கும் நூல்கள் நமக்குக் கிடைக்க இன்னும் எத்துணைக் காலம் ஆகியிருக்குமோ!

தனியொருவர் செய்த அவ்வுதவியை நாட்டுக்கே உரிய ஏற்பாடாக்க முயன்றவர் சீர்காழியிற் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்ற அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பை ஏற்றார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் முதலாவது, நூல்கள் இருப்பது பயன்படுத்துதற்கே என்னும் கருத்துடையது. அவ்வாண்டிலேயே மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் சென்றன. 1948-இல் சென்னைப் பொதுநூலகச் சட்டம் நிறைவேறிற்று. நம் பெற்றோர் செலுத்தும் சொத்துவரியோடு நூலக வரியும் சேர்ந்திருப்பது அச்சட்டத்தின் பயனே.

பூட்டி வைப்பதே பாதுகாப்பு என்பதும் முழு உண்மையன்று. எங்கள் செம்பரம்பாக்கம் ஏரி 24 அடி உயரமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடையது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்திற் பெய்த பெருமழையில், அதன் உபரிநீர் வினாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி வரை திறக்கப்பெற்று அடையாற்றிற் சென்றது. ஆற்றோரத்தில் வாழ்ந்த என் பெரியப்பா வீட்டில் ஆளுயரம் நீர் நின்றது. கண்ணாடி அலமாரியில் அவர் வரிசையாக அடுக்கியிருந்த நூல்கள் ஊறிப் பருத்து, கதவைத் திறக்கவும் இயலாமற் செய்துவிட்டன. வெயிலிற் காயவைத்தும் தாள்கள் பிரியவில்லை. அவருடைய நூல்களுள் இன்று எஞ்சியிருப்பவை 6. அவை ஆறும் அப்பொழுது வேறு ஊர்களில் நண்பர்களிடம் இரவலாக இருந்தவை.

இனி, இரவல் கொடுத்தவன் அடையும் ஆதாயத்தைச் சொல்கின்றேன். என் தமையனார் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையிற் பணி செய்கின்றார். இரவுப் பணிக்குச் செல்லும்போது பேருந்திற் படிப்பதற்காக என்னிடமிருந்த கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நூலைக் கொண்டு சென்றார். அது அவரிடமிருந்து உடன் பணியாற்றும் வேறு மூவர் கைக்கு மாறி, நான்கு மாதங் கழித்து, செய்தித்தாள் அட்டையும் எண்ணெய்ப் பெருவிரற் பதிவுமாகத் திரும்பிற்று. நான் பொருள் விளங்காமற் கேள்விக்குறி இட்டிருந்த சொற்களுக்கு அருகே, வேறொரு கை பொருள் எழுதியிருந்தது. அச்சொல்லை யார் யாரிடம் எந்த வேளையிற் சொல்வர் என்பதும் சில இடங்களில் இருந்தது. எழுதியவர் கோவிற்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கு வேலைக்கு வந்த இளைஞர் என்று பின்னர் அறிந்தேன். கி. ரா. அவர்களே 1982-இல் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி செய்திருக்கின்றார். ஆயினும், தன் தாய் பேசக் கேட்ட சொல்லுக்கு ஒருவர் எழுதும் உரையை வேறெங்கும் பெறுதல் அரிது. எங்கள் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் தமிழ்நாட்டின் பல மாவட்டத்தாரும் வேலை செய்கின்றனர். தமிழ் கற்பவன் இவர்களிடம் கேட்டறிய வேண்டியவை மிகப்பல. என் நூல் அலமாரியிலேயே இருந்திருப்பின் எனக்கு இவ்வுரை கிடைத்திராது.

எல்லா நூலையும் எல்லார்க்கும் கொடுக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அரிய நூல்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதி வாழ்ந்த ரோஜா முத்தையா, நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளுமாக ஏறத்தாழ 1,00,000 உருப்படிகளைத் திரட்டிக் காத்தார். 1992-இல் அவர் மறைந்த பின், அத்தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அவர் அவற்றைச் சிதறவிட்டிருந்தால் ஆராய்ச்சியாளர் பலர் இன்று வெறுங்கையராய் நிற்பர். ஆகவே, மறுபதிப்புக் காணாத நூலை வீட்டிலிருந்தே படிக்கச் செய்தலும், கடையிற் கிடைக்கும் நூலைத் தயங்காது கொடுத்தலும் என் முறை. கொடுத்த நாளும் பெற்றவர் பெயரும் எழுதுதற்கு ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கின்றேன். ஒருவர்க்கு ஒரு வேளையில் ஒரு நூலே. அது வந்தபின் மற்றொன்று. கேட்டு வாங்குதற்கு நான் கூசுவதில்லை. கொடுத்தவன் மறந்துவிடுவதாலேயே பல நூல்கள் திரும்பாமற் போகின்றன.

நம் கல்லூரி விடுதியின் ஒவ்வோர் அறையிலும், படித்து முடித்தபின் தூசி படிந்து கிடக்கும் நூல்கள் சில உள்ளன. உணவறைக்கு வெளியே ஒரு பலகையும் ஒரு குறிப்பேடும் வைத்து, ஒவ்வொருவரும் ஒரு நூலை அங்கே வைப்பாராயின், அடுத்த பருவத் தொடக்கத்துக்குள் பொருட்செலவின்றி ஒரு நூலகம் அமைந்துவிடும். அவற்றுள் சில திரும்பாமற் போகலாம். அவ்விழப்பை நூலை வைத்தவர் மாத்திரமன்றி நாம் அனைவரும் பகிர்ந்துகொள்வோமாக. முதல் நூலாக, ஓரத்திற் கோவிற்பட்டி உரை எழுதப்பெற்ற ‘கோபல்ல கிராமம்’ படியை நான் கொண்டுவருகின்றேன். அதனை எடுப்பவர் ஒரு பென்சிலையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன்.