உயிரியல் விடையும் இருநூறு ரூபாயும்

நீட் பரீட்சை முடிந்து மாணவர்கள் வெளியே வந்ததும், தேர்வு மையத்தின் வாசலில் இன்னொரு பரீட்சை ஆரம்பமாகிவிடுகிறது. வினாத்தாளை விரித்து வைத்துக்கொண்டு, "அந்தக் கேள்விக்கு நீ எதைக் குறித்தாய்?" என்று ஒருவரையொருவர் விசாரிக்கிறார்கள். சில முகங்கள் மலர்கின்றன. சில முகங்கள் அங்கேயே வாடிவிடுகின்றன. சென்னையானாலும் மும்பையானாலும் பெங்களூரானாலும் ஆண்டுதோறும் காணும் காட்சி இது.

இந்தப் பழக்கத்தை அடியோடு குறை கூறுவதற்கில்லை. 2025ஆம் ஆண்டுத் தேர்வில் 180 கேள்விகளில் 90 உயிரியலைச் சேர்ந்தவை. மொத்தம் 720 மார்க்கில் சரிபாதியான 360 அதற்கே உரியது. விடை சரியானால் 4 மார்க். தவறினால் கையில் இருப்பதிலும் 1 போய்விடும். ஆக, ஒரு கேள்வி சறுக்கினால் 5 மார்க் வித்தியாசம். இருவர் சம மார்க் பெற்றால், முந்தியவர் யார் என்பதை முதலில் நிர்ணயிப்பதும் உயிரியல் மார்க்கே. மாணவர்கள் பதறுவது இயற்கைதான்.

ஆனால் வாசலில் போடும் கணக்கு நம்பத்தக்கதல்ல. வினாத்தாள்களில் கேள்விகளின் வரிசை மாறி மாறி இருக்கும். விடை குறித்த தாளையோ உள்ளேயே கொடுத்துவிட்டுத்தான் வரவேண்டும். நாலு பேர் ஒரே விடையைச் சொல்வதால் அது சரியாகிவிடாது. சரியாக எழுதிய ஐந்தாவது மாணவன் இரவெல்லாம் தூக்கமின்றிப் புரள்வதுதான் மிச்சம். வேலை முடிந்து வீடு திரும்பும் தகப்பனாரும், "அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அறுநூறு வருமாமே, உனக்கு எவ்வளவு?" என்று கேட்டால் பிள்ளை என்ன செய்யும்? பிறந்த ஊரை விட்டு வந்து, ஓவர்டைம் பார்த்துப் படிக்க வைப்பவரின் ஆவல் புரிந்துகொள்ளத் தக்கதே. என்றாலும் அன்றிரவு பிள்ளைக்கு வேண்டியது சாப்பாடும் தூக்கமும்தான்.

ஒப்பிட வேண்டிய காலம் பின்னால் வருகிறது. தேசியத் தேர்வு முகமை தற்காலிக விடைகளை வெளியிட்டு, ஆட்சேபம் தெரிவிக்கக் குறுகிய அவகாசம் தருகிறது. மாணவன் குறித்த விடைத்தாளின் நகலும் அப்போது பார்வைக்குக் கிடைக்கிறது. என்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிவரியாகச் சரிபார்க்க வேண்டிய நேரம் அதுவே.

எந்தப் பதிப்பு என்பதும் முக்கியம். 2024ஆம் ஆண்டு, அணுக்களைப் பற்றிய பௌதிகக் கேள்வி ஒன்றுக்குப் பழைய பதிப்பின்படி ஒரு விடையும், புதிய பதிப்பின்படி வேறு விடையும் வந்தன. முகமை இரண்டையும் ஏற்றது. விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. டில்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஒரே விடைதான் சரி என்று தெரிவித்தார்கள். மற்ற விடையைக் குறித்திருந்த நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மார்க் குறைந்தது. முழு மார்க் பெற்றிருந்த 61 பேர், திருத்திய முடிவில் 17 பேர் ஆனார்கள். அண்ணன் படித்த புத்தகத்தைத் தம்பிக்குக் கொடுப்பது ஏழைக் குடும்பங்களின் வழக்கம். அந்தச் சிக்கனத்துக்கே அபராதம் விதித்தது போலாயிற்று.

இனி, ஆட்சேபக் கட்டணத்தைக் கவனிக்க வேண்டும். 2025இல் கேள்வி ஒன்றுக்கு 200 ரூபாய். இது திருப்பித் தரப்படாத கட்டணம். ஆட்சேபம் ஏற்கப்பட்டதா என்று மாணவனுக்குத் தனியாகத் தகவல் தருவதும் கிடையாது. விடை திருத்தப்பட்டால் எல்லா மாணவர்களுக்கும் அது பொருந்தும். செலவு மட்டும் ஆட்சேபித்தவனுடையது. வீண் ஆட்சேபங்களைத் தடுக்கக் கட்டணம் தேவை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால், தவறு விடை தயாரித்தவர்களுடையது என்று ருசுவான பிறகும் பணத்தை வைத்துக்கொள்வதில் என்ன நியாயம்? தினக்கூலிக்காரர் வீட்டில் இருநூறு ரூபாய் சின்னத் தொகை அல்ல. மூன்று கேள்விகளில் சந்தேகம் இருந்தும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும் நிலை எவருக்கும் வரக்கூடாது.

ஏற்கப்பட்ட ஆட்சேபங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நிராகரிக்கப்பட்டவற்றுக்குக் காரணத்தை ஒரு வரியிலாவது தெரிவிக்க வேண்டும். எந்தப் பதிப்பை ஆதாரமாகக் கொள்வது என்பதைப் பரீட்சைக்கு வெகு முன்பே அறிவிக்க வேண்டும். இவற்றுக்கு மத்திய அரசு ஆவன செய்ய வேண்டும்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. ஆட்சேபம் கொடுப்பது முழுவதும் இன்டர்நெட் வழியாகத்தான். கெடு சில நாட்களில் முடிந்துவிடும். கம்ப்யூட்டர் பழக்கமுள்ள ஆபீஸ் ஊழியர்கள், அந்த நாட்களில் மாலைப் பொழுதை அக்கம்பக்கத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒதுக்கலாம். தமிழ்ச் சங்கங்கள் நடப்புப் பதிப்புப் பாடப்புத்தகங்களில் இரண்டு செட் வாங்கி வைக்கலாம். பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது.