தரிசு என்று எழுதாதீர்கள்

புவியியல் பாடத்துக்காக எங்கள் பிரதேசத்தின் நிலப் பயன்பாட்டுப் படத்தை வரைந்தோம். வயலுக்கு ஒரு நிறம், காட்டுக்கு ஒரு நிறம், குடியிருப்புக்கு ஒரு நிறம். வயல்களுக்கு மேற்கே கிடக்கும் தரவைக்கு என்ன நிறம் தீட்டுவது என்ற கேள்வி வந்தபோது, பலரும் "தரிசு" என்றார்கள். நானும் அப்படியே எழுதினேன். அது பிழை என்பதே இன்று எனது கருத்து.

தரவையில் இருப்பது புல்லும் பற்றையும்தான். ஆனால் மாரிபோகத்துக்கு விதைத்த பின் வயலில் மாடு நிற்க முடியாது. அந்த மாதங்களில் பட்டிகள் போய்ச் சேருமிடம் தரவை. அறுவடை முடிந்ததும் மாடுகள் வயலுக்குத் திரும்பி, தாளைத் தின்று எருவைப் போடும். எனது மூத்தவாப்பாவுக்குச் சொந்தமாக ஒரு துண்டு வயலும் இருக்கவில்லை. ஆயினும் அவர் மாடு வளர்த்தார். பாலும் தயிரும் விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அவருக்கு அதைச் சாத்தியமாக்கியது எல்லோருக்கும் பொதுவாக இருந்த அந்த நிலம். அதைப் பயனற்றது என்று எப்படி எழுதுவது?

பொது மேய்ச்சல் நிலமும் பற்றை வெளியும் எப்படிப் பேணப்பட வேண்டும் என்பதற்கு நான் வாசித்தறிந்த நல்ல உதாரணம் தென் இங்கிலாந்தின் நியூ பொரஸ்ட். 1079ஆம் ஆண்டளவில் முதலாம் வில்லியம் மன்னன் அதைத் தனது வேட்டை நிலமாக்கினான். 2005இல் அது தேசியப் பூங்காவானது. பெயரில் காடு இருந்தாலும் அதன் பெரும் பகுதி ஹெதர் எனும் குறுஞ்செடியும் முட்பற்றையும் படர்ந்த திறந்த வெளி. இத்தகைய நிலத்தை அங்கே ஹீத் என்பார்கள். மண் வளம் குறைந்தது, பயிருக்கு உதவாது.

இந்த வெளி இயற்கை தானாக உண்டாக்கியதல்ல. ஆதி மனிதர் மரங்களை வெட்டினர். அவர்களது கால்நடைகள் மேய்ந்தன. விறகுக்கும் கூரைக்கும் செடிகள் வெட்டப்பட்டன. அதனால்தான் அது வெளியாக நிலைத்தது. மேய்ச்சலை நிறுத்தினால் பைன், பேர்ச் கன்றுகள் முளைத்துச் சில பத்தாண்டுகளில் மூடிவிடும். அப்போது நிலத்தில் கூடு கட்டும் பறவைகளும் வெயிலை நாடும் பல்லிகளும் இடமிழக்கும். ஆகவே அங்கே மாடும் மட்டக்குதிரையும் நிலத்தின் எதிரிகளல்ல, பராமரிப்பாளர்கள்.

அதற்காக யாரும் எதையும் செய்யலாம் என்றில்லை. மேய்க்கும் உரிமை சுற்றுவட்டார வீடுகளோடும் காணிகளோடும் சேர்ந்தது. விலங்கொன்றுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. கட்டியதற்கு அடையாளமாகக் குதிரையின் வால் மயிரைக் குறித்த விதமாக வெட்டி விடுவார்கள். குதிரைக்கும் மாட்டுக்கும் நஞ்சாகும் ஓக் மரக் காய்களைத் தின்று குறைக்க, இலையுதிர் காலத்தில் பன்றிகளை அவிழ்த்துவிடுவார்கள். முதிர்ந்த செடிகளைப் பகுதி பகுதியாக எரிப்பதும் பறவைகள் கூடு கட்டுமுன் முடிந்துவிட வேண்டும். இவற்றை மேற்பார்க்கும் பழைய மன்றொன்று இருக்கிறது. அதன் பத்து உறுப்பினர்களில் ஐவரை மேய்ச்சல் உரிமையாளர்களே தெரிவு செய்கிறார்கள். ஒரு காலத்தில் அரசே அங்கு வேலியடைத்து மரம் நட முனைந்தது. மக்கள் எதிர்த்தார்கள். 1877ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களது உரிமையைக் காத்தது.

தம் நாட்டில் இந்தச் சட்டத்தை இயற்றுவதற்கு முன்பே அதே பிரித்தானியர் இலங்கையில் செய்தது வேறு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடு, தரிசு, பயிரிடப்படாத காணி யாவும் முடிக்குரியவை என்றே கொள்ளப்பட வேண்டும் என்றது. உரிமை கோருபவர் அதை நிரூபிக்க வேண்டியிருந்தது. ஊரார் பரம்பரையாக மாடு மேய்த்த வெளிக்கு உறுதி எங்கே இருக்கும்? "தரிசு" என்ற ஒரு சொல் எவ்வளவு காணியை விழுங்க வல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பொது நிலம் எப்படியும் அழியும், ஒவ்வொருவரும் இன்னுமொரு மாட்டை விடத்தான் பார்ப்பார்கள் என்ற கருத்தை 1968இல் கரட் ஹார்டின் என்ற அறிஞர் எழுதிப் புகழ்பெற்றார். அதை மறுத்தவர் ஒரு பெண். உலகின் பல ஊர்களில் பொதுவளங்களை மக்களே விதி வகுத்துக் காத்து வருவதை எலினோர் ஒஸ்ட்ரொம் 1990இல் வெளிவந்த தனது நூலில் காட்டினார். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில், மாரி காலத்தில் தன்னால் தீனி போட்டு வளர்க்கக்கூடிய மாடுகளை மட்டுமே ஒருவர் பொது மலைக்கு அனுப்பலாம் என்ற விதி 1517இலேயே எழுதப்பட்டிருந்தது. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணியும் ஒஸ்ட்ரொம்தான்.

முஸ்லிம்களாகிய நமக்கு இது புதிய பாடமல்ல. நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்று நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். செழிப்பான மேய்ச்சல் நிலத்தைத் தலைவர்கள் தமக்கென ஒதுக்கிக்கொண்ட அறியாமைக் கால வழக்கத்தை மாற்றி, பொது நன்மைக்கு மட்டுமே அவ்வாறு ஒதுக்கலாம் என்றாக்கினார்கள். அத்தகைய ஒதுக்கிடம்தான் ஹிமா. உமர் (ரழி) அவர்கள் தமது ஹிமாவின் பொறுப்பாளரிடம், சில ஒட்டகங்களும் ஆடுகளும் மட்டுமே உள்ளவரை உள்ளே விடுமாறும், செல்வந்தர்களான பெரும் ஸஹாபாக்களின் மந்தைகளுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டாமென்றும் பணித்தார்கள். செல்வந்தருக்கு வேறு சொத்துண்டு, ஏழைக்கு மந்தை அழிந்தால் எதுவுமில்லை என்பதே காரணம்.

நமது தரவைக்கு வருவோம். ஒரு மூலையில் முட்கம்பி வேலி எழுந்திருக்கிறது. இன்னொரு மூலையில் குப்பை கொட்டப்படுகிறது. மாடுகள் பொலித்தீன் பைகளை மெல்கின்றன. நமது ஊர்களில் காணி நெருக்கடி பெரிது, வீடு கட்ட இடம் வேண்டாமா என்று கேட்பார்கள். நெருக்கடி உண்மைதான். ஆனால் வேலி போடுபவர் வீடில்லாதவரா என்று முதலில் பார்க்க வேண்டும். பொது நிலம் குறையும்போது இழப்பவர், காணியே இல்லாமல் நாலு மாட்டை நம்பியிருப்பவர். காணியற்றவருக்குக் காணி கொடுக்க வேண்டும். அதை இன்னொரு ஏழையின் பங்கிலிருந்து எடுக்கக் கூடாது.

தரவையைச் சுற்றி உயர வேலியடித்து எவரையும் விடாமல் காப்பதும் தீர்வல்ல. மேயாத நிலம் பற்றையாகி மூடிவிடும். திறந்த தரையில் முட்டையிடும் ஆட்காட்டிக்கும் அங்கே இடமிராது. தேவைப்படுவது விதி. முதலில் எல்லையை அளந்து, பதிவேட்டில் மேய்ச்சல் தரை என்று எழுத வேண்டும். நீர் திறக்கும் நாளையும் மாடுகளை வயலிலிருந்து அகற்றும் நாளையும் தீர்மானிக்க ஒவ்வொரு போகத்துக்கும் முன் கூட்டம் நடக்கிறது. அதே கூட்டத்தில் பட்டிக்காரரும், பால் கறந்து தயிர் விற்கும் பெண்களும் அமர்ந்து, எத்தனை மாடு, எந்தப் பற்றையை எப்போது வெட்டுவது, குப்பை கொட்டினால் என்ன தண்டம் என்று பேசி முடிவெடுக்கலாம். புதிய அமைப்பொன்று தேவையில்லை. இருக்கும் கூட்டத்தில் சில கதிரைகள் கூடினால் போதும்.

நான் எனது படத்தைத் திருத்திவிட்டேன். அட்டவணையில் "தரிசு" என்ற சொல்லை அழித்து, "மேய்ச்சல் தரை: ஊருக்குப் பொது" என்று எழுதியிருக்கிறேன். நாளை நம்மில் யாரேனும் பிரதேச செயலகத்திலோ நில அளவைத் திணைக்களத்திலோ அமர்ந்து உண்மையான படத்தில் கையெழுத்திடக் கூடும். அன்று இந்தச் சொல்லை மறக்காதிருப்போம்.