அந்தக் கண்றாவிப் பெயரை அழிக்காதீங்க

ஒரே வரியில் நானூறு படத்துக்குப் பேர் மாத்திட்டேன்னு யாராவது பெருமையா சொன்னா எனக்கு இப்போ கோபம்தான் வருது. கருப்புத் திரையில் ஒரு கமாண்டு தட்டி என்டர் அமுக்கினா, 'ஐஎம்ஜி' என்று ஆரம்பிக்கிற பெயரெல்லாம் போய் 'வெள்ளம்_001', 'வெள்ளம்_002' என்று வரிசையா நிக்கும். பாக்க அழகாத்தான் இருக்கு.

அந்தப் பழைய பெயரை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. 'ஐஎம்ஜி-20151202-டபிள்யூஏ0003'. 2015 டிசம்பர் 2-ம் தேதி வாட்ஸ்அப் வழியா அந்த போனுக்கு வந்த படம் என்று அர்த்தம். கேமரா படத்துக்குள்ளே எழுதி வைக்கிற நேரம், இடம் எல்லாத்தையும் வாட்ஸ்அப் அனுப்பும்போதே உதிர்த்துடும். மிஞ்சுற ஒரே தேதி, ஃபைல் பெயரில் இருக்கிறதுதான். அது எடுத்த தேதிகூட இல்லை, வந்து சேர்ந்த தேதி. அதையும் துடைச்சுட்டா கையில் என்ன இருக்கு?

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015-ல் வெள்ளம் ஒரு தடவையோட நிக்கலை. நவம்பர் நடுவில் ஒண்ணு, டிசம்பர் தொடக்கத்தில் இன்னொண்ணு. டிசம்பர் 2 காலையோட முடிஞ்ச ஒரு நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அந்த டிசம்பர் படத்தைக் காட்டினா, 'இவ்வளவு மழைக்கு யார் என்ன செய்ய முடியும்?' என்று அதிகாரி கையை விரிச்சிடலாம். நவம்பரிலேயே அதே தெருவில் இடுப்பளவு தண்ணி நின்னதுன்னு காட்டினாத்தான், கால்வாய் எங்கேய்யா போச்சுன்னு நாம கேட்க முடியும்.

எங்க பக்கத்து குடியிருப்போர் சங்கம் ஒண்ணு, மனு கொடுக்க இந்தப் படங்களைத் திரட்டிக்கிட்டு என்கிட்ட வந்தாங்க. மதகு எது, கலங்கல் எது, எந்த வரப்பு இப்போ ரோடு ஆச்சுன்னு அடையாளம் சொன்னேன். நவம்பரா டிசம்பரான்னு யாராலயும் சொல்ல முடியலை. எல்லாமே 'வெள்ளம்'. அதைவிடக் கொடுமை, அறுநூத்துச் சொச்சம் படம் வாங்கினதில் நானூறுதான் மிச்சம். பேர் மாத்தின தம்பி, ஒவ்வொருத்தர் கொடுத்த ஃபோல்டருக்கும் 001-ல் இருந்து எண்ணி, எல்லாத்தையும் ஒரே இடத்துக்குத் தள்ளியிருக்கார். 'எம்வி' கமாண்டு சாதாரணமா கேள்வி கேட்காது. அதே பெயரில் ஏற்கெனவே ஒரு படம் இருந்தா, அதுக்கு மேலேயே புதுசைப் போட்டு மூடிடும். சத்தமே வராது.

விதை மூட்டைக்குள்ள நாங்க ஒரு சீட்டு போட்டு வைப்போம். எந்த வயல், எந்தப் போகம்னு எழுதியிருக்கும். அழுக்கா இருக்குன்னு அதை எடுத்துட்டு 'மூட்டை 1, மூட்டை 2' என்று எழுதுற ஆளை எங்க ஊரில் களத்துப் பக்கமே விட மாட்டாங்க. விதை பழசா புதுசான்னு மேலே பாத்தா தெரியாது.

கமாண்டே வேண்டாம்னு சொல்லலை. ஆயிரம் ஃபைலைக் கையால மாத்தச் சொல்றவன் முட்டாள். ஆனா 'ரீநேம்' கமாண்டில் 'மைனஸ் என்' என்று ஒரு எழுத்து சேர்த்தா, எதையும் தொடாம, எது எதுவா மாறும்னு பட்டியல் மட்டும் காட்டும். 'எம்வி'யில் அதே 'மைனஸ் என்' போட்டா, இருக்கிற ஃபைலை அழிச்சு மேலே எழுதாது. பழைய பெயருக்கு முன்னாடி ஊரையும் தெருவையும் சேர்த்தாப் போதும், பழசை வெட்டவே வேண்டாம். கூடவே பழைய பெயர், புதுப் பெயர் ரெண்டையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைக்கணும். இதைச் சொல்லித் தர்ற வீடியோ எத்தனை இருக்கு? ஒரு வரி வித்தைக்குத்தான் கைதட்டல்.

2020 ஜூனில் நம்ம அரசாங்கமே இந்த வேலையைப் பண்ணுச்சு. 1,018 ஊர்களோட ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரே அரசாணையில் மாத்தினாங்க. வேலூரை 'வீலூர்' என்று படிக்கிற மாதிரி வந்து ஊரே சிரிச்சது. சில நாளில் வாபஸ். பழைய பெயரெல்லாம் பத்திரமா இருந்ததால வாபஸ் வாங்க முடிஞ்சது. 'எம்வி'க்கு வாபஸ் கிடையாது.

பழைய போன் இன்னும் அலமாரியில் கிடந்தா, அதில் இருக்கிற வெள்ளப் படத்தைப் பேர் மாத்தாம அப்படியே காப்பி எடுங்க. யாருக்காவது அனுப்பணும்னா வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவா அனுப்பாம, டாக்குமென்டா அனுப்புங்க. பெயர் அப்படியே போகும்.