"போர்ட் 21 ஓபன்தாங்க இருக்கு!"

ஆபீஸ்ல கேட்டதுலயே எனக்கு ரொம்ப எரிச்சல் மூட்டின பதில் எதுன்னு கேட்டா யோசிக்காம சொல்லுவேன்: "எங்க பக்கம் ப்ராப்ளம் இல்லைங்க, போர்ட் 21 ஓபன்தான் இருக்கு." சொன்ன கையோட டிக்கெட்டையும் க்ளோஸ் பண்ணிடுவாங்க.

அய்யா சாமிகளா, எஃப்டிபி ஒத்தை வாசல் வெச்ச வீடு இல்லை. 21ல பேச்சுவார்த்தை மட்டும்தான். ஃபைல், ஏன் வெறும் ஃபோல்டர் லிஸ்ட்கூட, தனியா இன்னொரு கனெக்‌ஷன்லதான் வரும். ஆக்டிவ் மோடுன்னா சர்வரே நம்ம மெஷினைத் தேடி வரும். எந்தக் கம்பெனி ஃபயர்வாலும் அதை லேசுல உள்ள விடாது. பாசிவ் மோடுன்னா எந்த போர்ட்டுக்கு நாம போகணும்னு சர்வர் 227ன்னு ஆரம்பிக்கிற வரியில சொல்லும். அதுல கடைசி ரெண்டு எண் 195,149ன்னு இருந்தா, 195ஐ 256ஆல பெருக்கி 149ஐக் கூட்டணும். 50069. அந்தக் கதவு தொறந்திருக்கான்னு பார்த்தீங்களா? எங்க! டெல்நெட்ல 21ஐ ஒரு தட்டு தட்டிட்டு டீ குடிக்கப் போயாச்சு.

2018ல எங்க டீம்ல நடந்த கூத்து இது. தினம் ராத்திரி ஒரு ஃபைலை கிளையண்ட் சர்வர்ல ஏத்தணும். வருஷக்கணக்கா ஓடின வேலை. ஒரு திங்கக்கிழமை லாகின் ஆகுது, பாஸ்வேர்ட் எடுத்துக்குது, லிஸ்ட் எடுக்கப் போனா அப்படியே நிக்குது. நெட்வொர்க் டீமைக் கேட்டா "நாங்க எதையும் மாத்தலையே".

நெசந்தான். மாத்தினது கிளையண்ட். சாதா எஃப்டிபிக்கு டிஎல்எஸ் மாட்டி எஃப்டிபிஎஸ் ஆக்கிட்டாங்க. அதுவரைக்கும் நம்ம ஃபயர்வால் 21ல ஓடுற பேச்சை ஒட்டுக்கேட்டு, அந்த 227 வரியைப் படிச்சு, வேண்டிய போர்ட்டைத் தானே தொறந்து விட்டுக்கிட்டு இருந்துச்சு. பேச்சு என்க்ரிப்ட் ஆனதும் பாவம் அதுக்குக் காது கேக்கலை. யாருமே எதையும் கெடுக்கலை, ஆனா எல்லாம் கெட்டுப்போச்சு.

சிக்கினவன் டீம்ல சேர்ந்து எட்டே மாசமான ஒரு பையன். மூணு நாள், மூணு டிக்கெட், மூணும் க்ளோஸ்ட். மூணாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு மேனேஜர் போன்ல கத்தினதும், பயந்துபோய் ஃபைலைத் தன்னோட சொந்த மெயில்ல அட்டாச் பண்ணி அனுப்பிட்டான். உள்ள ஆயிரக்கணக்கான பேரோட பேரு, விலாசம். காலைல செக்யூரிட்டி டீம் மோப்பம் புடிச்சிடுச்சு. பையனுக்கு மெமோ. டிக்கெட்டை மூடினவருக்கு? ஒண்ணுமில்லை.

பையன் செஞ்சது தப்பேதான், வக்காலத்து வாங்க வரலை. ஆனா ரோட்டை அடைச்சு வெச்சுட்டு, சந்துல ஓடினவனை மட்டும் புடிச்சா அது என்னங்க நியாயம்?

நம்ம டெவலப்பர் ஆளுங்களும் சும்மா இல்லை. "1024லேர்ந்து 65535 வரைக்கும் தொறந்து விடுங்க"ன்னு மெயில் போடுற மகராசனுங்க உண்டு. அதுக்கு ஃபயர்வாலையே கழட்டி எடைக்குப் போடலாம். சர்வர்ல பாசிவ் ரேஞ்சை 50000-50100ன்னு கட்டிப் போட்டு, அந்த ஒரு ஐபிக்கு மட்டும் அந்த 101 போர்ட்டைத் தொறந்தா முடிஞ்சுது. இல்லையா, எஸ்எஃப்டிபிக்குப் போங்க: போர்ட் 22, ஒரே கனெக்‌ஷன்.

இது ஒண்ணும் ராக்கெட் ரகசியமும் இல்லை. எஃப்டிபிக்கு முதல் வரையறை 1971ல எழுதினவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடில படிச்சவர். அப்ப ஃபயர்வால்னு ஒண்ணே கிடையாது, அவரைக் குத்தம் சொல்ல முடியாது. 1994லயே ஸ்டீவன் பெல்லோவின் ஆர்எஃப்சி 1579ல இந்த ஃபயர்வால் தகராறை விளக்கி, பாசிவ்ல போங்கன்னு எழுதி வெச்சுட்டார். சின்ன டாக்குமெண்ட்தான். ஒரு டீ குடிக்கிற நேரத்துல படிச்சுடலாம்.

நாலாம் நாள் நான் லாக் ஃபைலோட நெட்வொர்க் டீம் சீனியர் ஒருத்தர் சீட்டுக்கே போய், அந்த 227 வரியைக் காட்டினேன். "அட, ஆமா" அப்படின்னார். ரூல் போட பத்து நிமிஷம் ஆச்சு. மெமோவை வாபஸ் வாங்கச் சொல்லி நான் போட்ட மெயிலுக்கு மட்டும் கடைசி வரைக்கும் பதிலே வரலை. அந்த மூணு டிக்கெட்லயும் காரணம்ங்கற கட்டத்துல "யூசர் எரர்"னு போட்டிருந்ததையும் யாரும் மாத்தலை.